எல்லோருக்கும் இருபது

ஜூன் 10, திங்கள்

எங்களுக்குப் பாடம் நடத்துகிற தங்கபுஷ்பம் மேடத்திடம் காட்டுவதற்கு ஒரு நாட்குறிப்பு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்தேன், மனநிறைவாக இருந்தது’ என்றெல்லாம் இருக்கும். மேடம் அடியில் கையெழுத்துப் போடுவார். இது அந்த நோட்டு இல்லை. இதில் மனநிறைவெல்லாம் வராது.

எனக்கு வயது முப்பத்தொன்று. கூடப் படிப்பவர்கள் எல்லோருக்கும் பத்தொன்பது. ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஒன்பது வருடம் இருந்தேன். ஷிப்டு முழுக்க மெஷின் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், இழை அறுந்த இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். புருஷன் இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போன பிறகு, மகள் இலக்கியாவைச் சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தென்காசியில் இந்த ஆஸ்பத்திரி நடத்துகிற உதவி நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றும் முடிந்தால் இங்கேயே வேலை, ஒரு சின்ன வீடு, இலக்கியா என்னோடு. அடுத்த ஜூனில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். காலண்டரில் தினமும் கோடு போடுகிறாளாம்.

இன்று என்னைப் பெண்கள் வார்டுக்கு லீடர் ஆக்கினார்கள். முதல் வருடப் பிள்ளைகள் நான்கு பேர் என் பொறுப்பு. அவர்கள் எழுதுகிற சார்ட்டைப் பார்த்து நான் டிக் போட வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜ். கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

ஜூன் 11, செவ்வாய்

சாரல் பிடித்துவிட்டது. யூனிபாரம் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன்.

ஜூன் 13, வியாழன்

நாலு பேரில் மூன்று பேர் தேறிவிடுவார்கள். நாலாவது பெனினா. சுரண்டைப் பிள்ளை, குச்சி உடம்பு, ஹாஸ்டலில் என் அறைதான். ஒரு படுக்கை விரிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறாள். மூலை மடிப்பு சரியாக வரவில்லை என்று தானே பிரித்து மறுபடி மடிக்கிறாள். நான் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவேன். பெட்பேன் கேட்டால் உடனே வைக்காமல், வெந்நீர் ஊற்றித் துடைத்து, கையால் சூடு பார்த்துவிட்டு வைக்கிறாள். சாரல் நேரத்தில் இரும்பு சில்லென்று இருக்குமாம். அதற்குள் அவசரக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

மத்தியானம் வகுப்பில் மேடம் முதல் வருடத்துக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தார். எண்ணப்போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், இன்னும் நாடியே பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். ஒரு முழு நிமிடம். பெனினா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

வகுப்பு வேறு, வார்டு வேறு. விரலில் மாட்டுகிற கிளிப் வந்த பிறகு நாடிக்காக யாரும் கையைப் பிடிப்பதில்லை. நாடியும் ஆக்சிஜனும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. மூச்சுக் கட்டத்தில் எண்ணாமலே எல்லோருக்கும் இருபது, நல்ல உடம்புக்கு அவ்வளவு இருக்கும். நான் வந்த முதல் நாளே ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்துவிட்டாள், அலுத்துப்போனால் நடுவில் ஒரு பதினெட்டு போட்டுக்கொள் என்று. முப்பது பேருக்கு முப்பது நிமிடம் சும்மா நிற்க என் காலுக்குத் தெரியாது.

ஜூன் 17, திங்கள்

ஏழாம் படுக்கைக்குச் சீனியம்மாள் என்று ஒருவர் வந்திருக்கிறார். வெம்பக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஐம்பத்தெட்டு வயது. அருவியில் குளிக்க வேனில் வந்து, ஈரப் பாறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இன்று காலை ஆபரேஷன். மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்தில் வார்டு சாப்பாட்டில் குறை கண்டுபிடித்துவிட்டார். எதிர்ப் படுக்கையின் தட்டைப் பார்த்து, “இது சாம்பாராம்மா, பருப்பு கழுவுன தண்ணியா?” என்றார். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போடுகிறவராம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஜூன் 19, புதன்

ஒன்றும் விசேஷமில்லை. ஆறு ஸ்பாஞ்சு குளியல், இரண்டு எனிமா. துண்டு பற்றாமல் சலவைப் பிரிவில் சண்டை போட்டு வாங்கிவந்தேன். மூன்று மணிக்கு டியூட்டி முடிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழாம் படுக்கைக்கு மூச்சுத்திணறல். உதடெல்லாம் நீலம். ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஹாஸ்டலில் சொன்னார்கள்.

ஜூன் 20, வியாழன்

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதாம். எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வரும். உயிர் இருக்கிறது, இன்னும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். டாக்டர் சார்ட்டைக் கேட்டிருக்கிறார். இத்தனை பெரிய அடைப்பு திடீரென்று வந்திருக்காது, மத்தியானமே மூச்சு ஏறியிருக்கும், ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்.

சார்ட்டில் காலை பத்து மணிக்கு நான் எழுதியது: நாடி 96, ஆக்சிஜன் 97, மூச்சு 20. மத்தியானம் இரண்டு மணிக்குப் பெனினா எழுதியது: நாடி 108, ஆக்சிஜன் 95, மூச்சு 20. ஆனால் அவளுடைய இருபது வேறு ஏதோ எண்ணின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருக்கும் 34 தெரிகிறது. தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், மேலே எழுதவே கூடாது என்று முதல் வாரமே சொல்லித்தருவார்கள். மேடம் அவளைக் கூப்பிட்டு ஏன் மாற்றினாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தே எண்ணைத் திருத்தியவள் என்று எழுதி, வார்டுக்கு வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அநேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

என்னுடைய இருபது சுத்தமாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 21, வெள்ளி

புதன்கிழமை இரண்டு மணிக்குப் பெனினா சார்ட்டோடு என்னிடம் வந்தாள். அதை எழுத விட்டுப்போயிற்று.

ஜூன் 22, சனி

வந்தாள். “அக்கா, ஏழாம் பெட்டுக்கு முப்பத்திநாலு வருது. ரெண்டு தடவ எண்ணிட்டேன்” என்றாள். புதுப் பிள்ளை, பத்து நாள் அனுபவம். ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று என்று இரட்டையாக எண்ணியிருப்பாள். தப்பாக எண்ணியிருப்பாய், ஆக்சிஜன் 95 இருக்கிறதே, ஆபரேஷன் வலியில் நாடி ஏறத்தான் செய்யும் என்று சொன்னேன். இருபது என்று போடச் சொன்னேன். யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் வருடத்தில் நானும் எத்தனையோ தப்பாக எண்ணியிருக்கிறேன்.

எண்ணியிருக்கிறேனா?

ஜூன் 23, ஞாயிறு

சங்கரன்கோவில் போய்வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இலக்கியா பச்சை பேட்ஜை வாங்கித் தன் கவுனில் குத்திக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். எங்கம்மா லீடர் என்று சொன்னாளாம்.

சாப்பிட்டுவிட்டு அவள் பாயில் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று. அக்கா சமையலறையிலிருந்து வந்து என்னடி பண்ணுகிறாய் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். பாத்திரம் கழுவும்போது, இவ்வளவு நேரம் நீ ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்றாள்.

ஜூன் 24, திங்கள்

பெனினா நாள் முழுக்க அறையில்தான் இருக்கிறாள். மெஸ்ஸுக்கு எல்லோரும் வந்துவிட்டுப் போன பிறகு வருகிறாள். இன்று நான் திரும்பியபோது என் யூனிபாரத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தாள். என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

“நான் யார்ட்டயும் சொல்லலக்கா.”

“என்னத்த?”

“நீங்க போடச் சொன்னத. உங்களுக்குப் பாப்பா இருக்கால்லா.”

நான் குளிக்கப் போகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏற்கெனவே குளித்திருந்தேன். மறுபடி குளித்தேன்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் கேட்டது அவளை?

ஜூன் 25, செவ்வாய்

முழுதாக எழுதிவிடலாம். யாரும் இதைப் படிக்கப்போவதில்லை.

அவள் முப்பத்திநாலு என்று சொன்னதும் அது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. பெட்பேனுக்கே சூடு பார்க்கிறவள் இரட்டையாக எண்ண மாட்டாள். ஆனால் மேல் வரியில் பத்து மணிக்கு என் இருபது இருந்தது. நான் சீனியம்மாள் கையைத் தொடவே இல்லை. கிளிப்பை மாட்டினேன், எழுதினேன், அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். இருபதுக்குக் கீழே முப்பத்திநாலு வந்தால், நான்கு மணி நேரத்தில் இப்படி எப்படி ஏறியது, பத்து மணிக்கு யார் எண்ணியது என்று கேட்பார்கள். கேட்டிருந்தால் என் சார்ட்டையெல்லாம் புரட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் என் தலையில் ஒரே நொடியில் ஓடி முடிந்தது. “தப்பா எண்ணிருக்கட்டி, இருவதுனு போடு” என்று சொல்லி, சிரிக்கவும் செய்தேன். அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள். மூன்றை இரண்டாக்கினாள், நாலைப் பூஜ்யமாக்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு டிக் போட்டேன்.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் செத்திருக்கலாம்.

ஜூன் 26, புதன்

ஐ.சி.யூ.வுக்குப் படுக்கை விரிப்புகள் கொண்டுபோகச் சொன்னார்கள். வேறு யாரையாவது அனுப்பப் பார்த்தேன், ஆள் இல்லை. சீனியம்மாளுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் மட்டும் இருக்கிறது. பேசுகிறார். ஆபத்து தாண்டிவிட்டது என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. நடந்துகொண்டேதான் இருந்தேன்.

அவரே கூப்பிட்டார். “ஏம்மா பச்சை பேட்ஜு, அந்த ஒல்லிப் புள்ளைய எங்க காணோம்?”

லீவு என்றேன்.

“அன்னைக்கு மத்தியானம் என் கைய எம்புட்டு நேரம் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு தெரியுமா தாயி? எனக்கு நெஞ்சு அடைக்குது, வாயத் தொறந்து சொல்ல முடியல. அது என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கவும், சரி, ஒரு ஆளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே பாத்துக்கிருவாகன்னு நெனச்சேன். கண்ண மூடிக்கிட்டேன்.”

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, என்னைக் குறை சொல்லும் நினைப்பே இல்லாமல் இன்னொன்றும் சொன்னார்.

“நீயும் காலையில வந்த. வெரல்ல மாட்டுன, போயிட்ட.”

விரிப்புகளை அலமாரியில் அடுக்கினேன். சரியாக அடுக்கவில்லை என்று சிஸ்டர் திட்டினார்.

ஜூன் 27, வியாழன்

வார்டில் எல்லா லாக்கரையும் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. மருந்து டிராலியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். மூன்று படுக்கைகளைப் பிரித்து மறுபடி விரித்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்து, உலகம்மாள், உனக்கு இன்று என்ன ஆயிற்று, ஒரு இடத்தில் நில் என்றார்.

நாளை பெனினாவின் அப்பா வருகிறார். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற இடத்துக்கே வந்து நிற்கிறேன். மறுபடி ராஜபாளையம், மறுபடி மெஷின் ஓரம். இலக்கியா அக்கா வீட்டிலேயே வளர்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

ஒன்பதரைக்கே மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாரலில் நனைந்த துண்டை மடியில் வைத்திருந்தார். சுரண்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் என்று பெனினா முன்பு சொல்லியிருக்கிறாள். யூனிபாரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர்.

“நர்ஸம்மா, எம் பிள்ள ஏதோ நம்பர மாத்தி எழுதிட்டாளாம். பெரிய தப்பாம்மா? மார்க்கெட்டுல லோடு எறங்கும்போது அவதான் மூட்டைய எண்ணுவா. ஒருநாளும் பெசகுனதில்ல.”

அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டி உள்ளே போனேன். பெனினா ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

நின்றபடியே சொன்னேன். அவள் முப்பத்திநாலு எண்ணினாள், எழுதினாள், நான்தான் மாற்றச் சொன்னேன், பக்கத்தில் நின்று டிக் போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பத்து மணிக்கு நீ எழுதுன இருபது?”

“எண்ணல மேடம்.”

“அதுக்கு முந்துன நாள்?”

“எண்ணல.”

“அப்ப எப்பதான் எண்ணுன நீ?”

“போன ஞாயித்துக்கெழம. எம் மவளுக்கு.”

மேடம் அலமாரியைத் திறந்து பழைய சார்ட் கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். நான் வருவதற்கு முந்தைய வருடத்துக் கட்டு. இருபது, இருபது, பதினெட்டு, இருபது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேடத்தின் கையெழுத்து. வெகுநேரம் புரட்டினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

வெளியே பெனினாவின் அப்பா மறுபடி எழுந்து நின்றார். உங்கள் பிள்ளை சரியாகத்தான் எண்ணினாள், தப்பு என்னுடையது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 1, திங்கள்

முடிவு சொல்லிவிட்டார்கள். பெனினாவுக்கு, மேலே எழுதித் திருத்தியதற்கு ஒரு எச்சரிக்கை. இன்று மத்தியானமே வார்டுக்குப் போய்விட்டாள். அறையையும் மாற்றிக்கொண்டாள்.

என்னை அனுப்பவில்லை. முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். வார்டில் நான் எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் எண்ணிச் சரிபார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஆறு மாதம். என் பெஞ்சு இனிமேல் பெனினாவின் பெஞ்சுக்குப் பின்னால்.

இலக்கியாவுக்குப் போன் செய்தேன். அடுத்த ஜூன் இல்லை, அதற்கும் அடுத்த ஜூன் என்றேன். ஏன் என்று கேட்டாள். அம்மா ஒழுங்காகப் படிக்கவில்லை, அதனால் மறுபடி படிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அப்படியானால் அடுத்த வருடக் காலண்டரும் முழுசாக வேண்டும், வாங்கிக்கொடு என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜூலை 3, புதன்

முதல் படுக்கை: 17. இரண்டு: 23. மூன்று: 16. நான்கு: 19. ஐந்து: 25, உடனே சொன்னேன், டாக்டர் வந்து பார்த்தார், காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆறு: காலி.

கால் வலிக்கிறது. ஒன்பது வருடம் நடந்து வராத வலி, நின்றதால் வந்திருக்கிறது.

எண்ணிச் சரிபார்க்கச் சார்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு முதல் வருடப் பிள்ளையிடம் போனேன், பெனினாவிடம் போகவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 5, வெள்ளி

சீனியம்மாள் ஏழாம் படுக்கைக்குத் திரும்பிவிட்டார். வந்ததும் சாம்பாரைப் பற்றிக் கேட்டார். மாறவில்லை என்றேன்.

பத்து மணிக்கு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவதுபோல் நடிக்கிறாரா, நம்பிக் கண்ணை மூடுகிறாரா, தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன்.

இருபது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எண்ணை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. மறுபடி எண்ணினேன். இருபது. மூன்றாவது தடவை, ஒவ்வொரு மூச்சுக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு எண்ணினேன். இருபதுதான். பேனாவைத் திறந்து மூடினேன். இதை நான் எழுதினால் யார் நம்புவார்கள்? எட்டாம் படுக்கையில் பெனினா தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

“பெனினா, செத்த வந்து எண்ணிப் பாரு” என்றேன். எண்ணை நான் சொல்லவில்லை.

அவள் உறையை முழுதாகப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்று சீனியம்மாளின் இன்னொரு கையைப் பிடித்தாள். நான் இந்தக் கையை விடவில்லை. சன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். என் கால்கூட அசையவில்லை.

நிமிடம் முடிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சார்ட்டை இழுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் இன்னும் எண்ணே எழுதவில்லை.

“இருவதுதாங்க்கா” என்றாள். “எழுதுங்க.”

எழுதினேன்.